வாய்ப்பூட்டு வரி

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள். பள்ளம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். ஒரு ஸ்கூட்டர் விழுந்தது. ஒரு நாய்க்குட்டி விழுந்தது. ஒருநாள் எதிர் வீட்டுத் தாத்தாவே விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார்.

இனி பொறுப்பதில்லை என்று ஒரு மனு எழுதினேன். சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு நகராட்சி எங்களுடையது. பெயர் வேண்டாம், எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். தெருவில் மொத்தம் 23 வீடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மனுவில் விழுந்த கையெழுத்து நான்கு. அதில் மூன்று பேர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். நாலாவது ஆள் நான்.

சொந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் காபி கொடுத்தார்கள். பள்ளத்தைத் திட்டினார்கள். காண்டிராக்டரைத் திட்டினார்கள். பேனாவை நீட்டியதும், "சாயந்திரம் வாங்க சார்" என்றார்கள்.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. தெருக்கோடி வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்தான் புரியவைத்தார்.

"மனு குடுக்கறதுல தப்பில்ல தம்பி. ஆனா பதிலுக்கு அவங்க நம்ம ஃபைலைத் தூக்கிப் பார்த்தா? இந்தத் தெருவுல எந்த வீட்டு மாடிக்கு ஒழுங்கா வரி போட்டிருக்கு? உங்க வீட்டு மாடிக்கு போட்டிருக்கா?"

வீட்டுக்கு ஓடிவந்து பீரோவிலிருந்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். நான் பி.காம். படித்தவன். அடுத்தவன் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிப்பேன். வருடத்துக்கு இரண்டு முறை வீட்டு வரி கட்டுகிறேன். ஆனால் அந்த ரசீதை நான் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வரி போட்டிருந்தது அப்பா கட்டிய தரைத்தளத்துக்கு மட்டும். பிறகு நாங்கள் கட்டி, வாடகைக்கும் விட்டிருக்கும் மாடிப் போர்ஷன் நகராட்சியின் கணக்கில் இல்லவே இல்லை. ஆகாயத்தில் தொங்குகிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மனுவை நாலாக மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இந்த அசிங்கத்தை ஏன் ஊருக்குச் சொல்கிறேன் என்றால், இது என் ஒருவனுடைய கதை இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

வீட்டு வரியை ஏய்த்தால் பணம் மிச்சம் என்று நாம் நினைக்கிறோம். மிச்சமாகும் அந்தப் பணம் நம் வாய்க்குப் போட்ட பூட்டு. பள்ளம் மூடவில்லையா, கேட்க முடியாது. தெருவிளக்கு எரியவில்லையா, கேட்க முடியாது. பக்கத்து மனையில் நாலு மாடிக்கு அனுமதி வாங்கி ஆறு மாடி எழும்புகிறதா, கேட்கவே முடியாது. கேட்டால் நம் ஃபைல் திறக்கும். 23 வீட்டில் 20 வீடு பொய் சொல்லும் தெருவில், பள்ளம் தோண்டியவனுக்கு யாரைப் பார்த்து பயம்?

எவ்வளவு காசுக்காக வாயை அடகு வைத்திருக்கிறோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கணக்குக்கு சென்னை மாநகராட்சியை எடுத்துக்கொள்கிறேன். ஊருக்கு ஊர் எண்கள் மாறும், சாரம் ஒன்றுதான்.

உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று மாநகராட்சி ஒரு மதிப்புப் போடும். அதன் மேல்தான் வரி. அந்த வாடகையை உங்களிடமோ புரோக்கரிடமோ கேட்பதில்லை. தெருவுக்குத் தெரு ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் வைத்திருக்கிறார்கள். 1998-ல் நடந்த சீரமைப்பின்போது குடியிருப்புகளுக்கு வைத்த ரேட் மாதம் சதுர அடிக்கு 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை. மறுபடி படியுங்கள். அதிகபட்சமே 2 ரூபாய் 40 காசு. அதாவது ஊரிலேயே உசத்தியான தெருவில் உள்ள 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு மாத வாடகை 2,400 ரூபாய்! இந்த ரேட்டை வைத்துக்கொண்டுதான் 2022 வரை சென்னையில் வீட்டு வரி ஓடியது. அந்த 24 வருடத்தில் உங்கள் தெருவில் வாடகை எவ்வளவு ஏறியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நடுத்தரமான ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ரேட் 1 ரூபாய் 50 காசு. 1,000 சதுர அடி, புதிதாகக் கட்டியது, சொந்தக்காரரே குடியிருக்கிறார். மாத வாடகை மதிப்பு 1,500 ரூபாய். சொந்தமாகக் குடியிருப்பதற்கு 25 சதவீதம் கழிவு போக 1,125. இதைப் பன்னிரண்டால் பெருக்க மாட்டார்கள். பராமரிப்புச் செலவுக்கு விட்டுக்கொடுத்து 10.92-ஆல் பெருக்குவார்கள். ஆண்டு மதிப்பு 12,285 ரூபாய். அரையாண்டு வரி விகிதத்தில் உச்சமான படி 12.4 சதவீதம். அதன்படி சுமார் 1,523 ரூபாய். கட்டடம் பழசானால் தேய்மானக் கழிவும் உண்டு, வரி இன்னும் குறையும். இதற்குள்ளேயே நூலக வரியும் அடக்கம். உங்கள் ஊர் நூலகத்துக்கும் நீங்கள்தான் படியளக்கிறீர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? குடிநீர், கழிவுநீருக்காக மெட்ரோ வாட்டர் போடும் வரி வேறு. அது ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "வரிதான் கட்டிட்டேனே" என்று ஒன்றை மறந்துவிடும் புண்ணியவான்கள் நிறைய.

2022 ஏப்ரல் உயர்வில், பழைய சென்னைப் பகுதியில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 75 சதவீதம் ஏறியது. நம் 1,523 ரூபாய், 2,666 ஆனது. 2024 அக்டோபரில் இன்னொரு 6 சதவீதம். 2,826. வருடத்துக்கு 5,652 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் 471 ரூபாய்.

471 ரூபாய்! இதே ஃபிளாட்டில் லிஃப்டுக்கும் வாட்ச்மேனுக்கும் மோட்டாருக்கும் மாதாமாதம் கொடுக்கும் மெயின்டனன்ஸ் எவ்வளவு? அதை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். ஒருவர் ஒரு மாதம் பாக்கி வைத்தால் நோட்டீஸ் போர்டில் ஃபிளாட் நம்பரை எழுதி மானத்தை வாங்குகிறோம். அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரு பல்புக்குக் கணக்குக் கேட்கிறோம். காம்பவுண்டுக்கு உள்ளே நாம் சிங்கங்கள். கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் குப்பை அள்ள, ரோடு போட, விளக்கு எரிய, கொசு ஒழிக்க, வடிகால் வெட்ட, சுடுகாடு பராமரிக்கக் கொடுக்கும் காசில்தான் நமக்குக் கை நடுங்குகிறது.

வாடகைக்கு விட்டவர்கள் சாமர்த்தியம் தனி. சொந்தக் குடியிருப்பு என்று எழுதிக்கொடுத்து அந்த 25 சதவீதக் கழிவையும் வாங்கிக்கொள்வார்கள். கழிவே வாங்காத யோக்கியரின் கணக்கைப் பார்த்தால்கூட, மேலே சொன்ன அதே வீட்டுக்கு 2022 உயர்வால் ஏறியது மாதத்துக்கு சுமார் 254 ரூபாய். அந்த வருடம், "வரியை ஏத்திட்டாங்கப்பா, நான் என்ன பண்றது?" என்று சொல்லி உங்கள் வீட்டுக்காரர் வாடகையில் எவ்வளவு ஏற்றினார்? வாடகைக்கு இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துக்கொள்ளலாம். நானும் வீட்டுக்காரன்தான். எனவே மேலே பேசாமல் நகர்கிறேன்.

பொதுஜனத்தை மட்டும் திட்டிவிட்டு ஆட்சியாளர்களை விட்டுவிடுவதாக நினைக்காதீர்கள். பூட்டு நம் வாயில் தொங்குகிறது, சாவி அவர்கள் இடுப்பில்.

பால் விலை ஏறியது. பஸ் கட்டணம் ஏறியது. வீட்டு வரி மட்டும் சென்னையில் 1998-லும் மற்ற ஊர்களில் 2008-லும் உறைந்து நின்றது. ஜனங்கள் மேல் உள்ள பாசமா? ஓட்டு பயம். கடைசியில் 2018 ஜூலையில் அ.தி.மு.க. அரசு வரியை ஏற்றியது. தி.மு.க. தெருவுக்கு வந்து போராடியது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடான 2019 நவம்பரில், உயர்வை அதே அரசு நிறுத்திவைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பிற்பாடு வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். நோட்டீசை மதித்து உடனே கட்டியவருக்குக் கிடைத்தது ஒரு வாக்குறுதி. கட்டாமல் இழுத்தடித்தவருக்கு அலைச்சலே மிச்சம். நேர்மையாக இருப்பவனை ஏமாளி என்று அரசாங்கமே முத்திரை குத்த இதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்து 2022. காட்சி அதே, பாத்திரங்கள் இடம் மாறிக்கொண்டன. தி.மு.க. அரசு ஏற்றியது. அ.தி.மு.க. தெருவுக்கு வந்தது. ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டால் டெல்லியைக் கை காட்டினார்கள். அதில் உண்மையும் உண்டு. நகரங்களுக்கு மத்திய மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது. ஆனால் நம் தெருவில் போட வேண்டிய வரியை நாமாகவே, வருடாவருடம் கொஞ்சமாக, மறைக்காமல் போட்டிருந்தால் டெல்லி ஏன் சொல்லப்போகிறது?

இதையெல்லாம் விவாதிக்க வேண்டிய இடம் எது? மாமன்றம், நகர்மன்றம். அங்கே யார் இருந்தார்கள்? 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் என்ற ஜந்துவே கிடையாது. 2018-ல் ஏற்றியபோதும் இல்லை, 2019-ல் இறக்கியபோதும் இல்லை. புதிய கவுன்சிலர்கள் மார்ச்சில் பதவியேற்றார்கள். ஏப்ரல் முதல் தேதி வரி உயர்வு அறிவிப்பு. முடிவு கோட்டையில் எடுக்கப்பட்டது. மன்றத்தின் வேலை கை தூக்குவது.

இங்கே ஒரு பழங்கதை சொல்லியாக வேண்டும். மதராஸ் மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. ஏன் தொடங்கினார்கள்? வீட்டு வரிக்காக! அதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனி வீடுகளுக்கு வரி போட்டுப் பார்த்தது, ஊர் முரண்டு பிடித்தது. லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு ஒரு யோசனை செய்தார். நாம் அதிகாரத்தால் பிடுங்கினால் ஆறு காசுகூடக் கொடுக்க மாட்டார்கள், அவர்களே உட்கார்ந்து தங்களுக்கு வரி விதித்துக்கொண்டால் பல மடங்கு மனதாரக் கொடுப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அதற்காகத்தான் மேயர், ஆல்டர்மேன், உள்ளூர் வணிகர்களுக்கும் ஓர் இடம். அப்படியும் மக்கள் ஆசையாகக் கட்டிவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் லாபம் ஒன்றே குறியான ஒரு வியாபாரிக்கு 300 வருடத்துக்கு முன் புரிந்தது, நம் மக்களாட்சிக்கு இன்னும் புரியவில்லை.

"அதெல்லாம் சரி சார், ஒழுங்கா வரி கட்டினா மட்டும் என்ன கிழிச்சிடுவாங்க? எல்லாம் கமிஷன்லதானே போகுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் கட்டாமல் விட்ட வரி கமிஷன் வாங்குபவரை ஒன்றும் செய்யாது. அவர் எடுக்க வேண்டியதை எடுத்துவிடுவார். குறைவது தெருவுக்கு வர வேண்டிய மிச்சம்தான். அதோடு, வரியைக் குறைத்துக் காட்ட 'கவனிக்கிறோமே', அது யார் பாக்கெட்டுக்குப் போகிறது? ஊழலைத் திட்டிக்கொண்டே அதற்கு அட்வான்ஸ் கொடுப்பவர்கள் நாம்.

நம் ஊர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரியில் வெளிவந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பெங்களூரையும் ஜெய்ப்பூரையும் அலசியது. வசூலாகக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் அங்கே வசூலாகவில்லை என்றது. கம்ப்யூட்டர் தலைநகரத்துக்கே இந்தக் கதி. அங்கே மழை பெய்தால் ஐ.டி. கம்பெனி வாசலில் படகு விடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். படகுக்கும் அந்த 20 சதவீதத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ரசீதைப் படியுங்கள். வரிவிதிப்பு எண் உங்களுடையதா? பெயர் யாருடையது? காலமாகிவிட்ட தாத்தா பெயரிலேயே இன்னும் எத்தனை வீடுகள் ஓடுகின்றன! பரப்பளவு சரியா? குடியிருப்பா, கடையா? கீழே டெய்லர் கடை, மேலே டியூஷன் சென்டர், ரசீதில் மட்டும் குடியிருப்பு என்றால் அது உங்களுக்கு நீங்களே வைத்துக்கொண்ட கண்ணிவெடி.

இன்னொரு மூடநம்பிக்கை, வரி ரசீது இருந்தால் வீடு நம்முடையது என்பது. வரி கட்டுவதால் சொத்தில் உரிமை வந்துவிடாது. பட்டாவும் வரிப் பதிவும் பத்திரத்துக்கு ஈடாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. விதி மீறிக் கட்டியதற்கு வரி போட்டுவிட்டார்கள், எனவே கட்டடம் சட்டப்படி ஆகிவிட்டது என்பதும் அதே ரகம்.

அடுத்தது, தேதி. அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஃபிக்சட் டெபாசிட்டுக்கு கால் சதவீதம் கூட வருமா என்று நாலு பாங்க் ஏறி இறங்கும் நாம், உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும் இந்த 5 சதவீதத்தை விடுகிறோம். வரி அதிகமாகப் போட்டிருக்கிறார்களா? சண்டை போடுங்கள். ஆட்சேபணைக்கும் மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குறைவாகப் போட்டிருக்கிறார்களா? அதையும் சொல்லுங்கள். கஷ்டம்தான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆம், போனேன். மாடிப் போர்ஷனுக்கு வரி போடச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். கவுன்டரில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், நீங்களே வந்து வரியை ஏத்துங்கன்னு சொல்றீங்க? யாராவது புகார் குடுத்துட்டாங்களா?" இல்லை என்றேன். நம்பவில்லை. பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அரையாண்டுக்கு 780 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவன் 2,150 கட்ட ஆரம்பித்தேன். பழைய வித்தியாசத்தையும் சேர்த்துக் கட்டியதில் அந்த தீபாவளிக்கு வீட்டில் ஒரு பட்டுப்புடவை குறைந்தது. அதைப் பற்றி இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பீரோவிலிருந்து மனுவை எடுத்தேன். ஏரியா சபா என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா? கிராமசபை மாதிரி நகரத்து வார்டுகளுக்கு. 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வர் ஸ்டாலினே அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தார். எங்கள் வார்டில் அது நடந்தபோது நாற்காலிகள்தான் அதிகம் வந்திருந்தன. எழுந்து பள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். எதிர்பார்த்தபடியே பின்னாலிருந்து ஒரு குரல். "கேள்வி கேக்கறவரு வீட்டுக்கு ஒழுங்கா வரி கட்டறாரா?"

சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினேன். குரல் அடங்கிவிட்டது.

பள்ளம் உடனே மூடப்பட்டுவிடவில்லை. அப்புறமும் மூன்று தடவை நடந்தேன். நாலாவது தடவை ஓய்வுபெற்ற அந்த அதிகாரியும் கூட வந்தார். வழியில் ரகசியமாகக் கேட்டார். "மாடிக்கு வரி போட எந்த ஃபாரம் தம்பி எழுதிக் குடுக்கணும்?"

இப்போது பள்ளம் இல்லை. 23 வீட்டில் ஆறு வீடுகளில் ரசீது சரியாக இருக்கிறது. பதினேழு பாக்கி. உங்கள் தெருவில் எத்தனை?